நான்கு தாளில் ஒரு மாதம்: பழைய பேனாவும் கையால் தைத்த நாட்குறிப்பும்

தினமும் எழுத மன உறுதி வேண்டும் என்பார்கள். என் அனுபவத்தில் அதற்கு முன்னால் வேண்டியது ஒழுகாத பேனா. அப்புறம், விட்டால் மூடிக்கொள்ளாமல் மேசையில் விரிந்து படுக்கும் நோட்டு. இரண்டும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் எழுத்து தானாக நடக்கிறது. இரண்டையும் நானே சரிசெய்து, நானே தைத்து, இப்போது வீட்டில் அன்றாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். என்ன செய்தேன், எது வேலை செய்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். கையில் ஒரு பழைய பேனா வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

பேனா அப்பாவுடையது. கணக்கு எழுதும் வேலையில் பல வருடம் இருந்தவர். கறுப்பு எபோனைட் உடம்பு, ஃபில்லரால் மை சொட்டி நிரப்பும் பழைய ரகம். உள்ளே தனியாக டியூப் எதுவும் கிடையாது. அடிக்கட்டை முழுவதுமே மைக்கூடுதான். அதனால் இரண்டு மில்லிக்கு மேலேயே மை பிடிக்கும். இப்போது கிடைக்கும் சின்ன கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கும் குறைவு.

"ஒழுகுதுன்னு எடுத்து வச்சேம்மா. மத்தபடி நல்ல பேனா" என்றார் அப்பா.

எபோனைட் என்பது ரப்பரோடு நிறைய கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டியாக்கிய பொருள். கட்டைவிரலால் வேகமாகத் தேய்த்து மோந்து பார்த்தால் கந்தக வாசனை வரும். வந்தது. அப்படியானால் சில விஷயங்களில் கவனம் வேண்டும். வெயிலும் ஈரமும் எபோனைட்டுக்கு ஆகாது. கறுப்பு மெல்ல மெல்லப் பச்சையும் பழுப்பும் கலந்த நிறமாக மாறிவிடும். வெந்நீர் பட்டால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதனால் முழுப் பேனாவையும் ஊறப்போடவில்லை. நிப்பு இருக்கும் கழுத்துப் பகுதியை மட்டும் திருகிக் கழற்றி, சாதாரணத் தண்ணீரில், பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு, ராத்திரி வைத்தேன். காலையில் டம்ளர் முழுக்க நீலம். எத்தனையோ வருடமாகக் காய்ந்து கிடந்த மை அவ்வளவு லேசாகக் கரைந்து வருவதைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. சாதாரண மைப்பேனா மைதான் இப்படிக் கரையும். படம் வரையும் இந்தியன் இங்க் காய்ந்து போயிருந்தால் கதையே வேறு. அதை எந்த மைப்பேனாவிலும் ஊற்றக் கூடாது.

தண்ணீரை மாற்றி மாற்றி நீலம் வெளுக்கும்வரை விட்டேன். பிறகு நிப்பைக் கழற்ற வேண்டும். அப்பா பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நிப்பை மட்டும் பிடிச்சு இழுக்காத, வளைஞ்சிடும். கட்டையையும் சேர்த்துப் பிடி. நேரா இழு." நிப்புக்கு அடியில் வரி வரியாக வெட்டியிருக்கும் கறுப்புத் துண்டைத்தான் கட்டை என்கிறார். வழுக்காமல் இருக்க சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றிக்கொண்டேன். ஊறியிருந்ததால் மெதுவாக அசைந்து வந்துவிட்டது.

இந்தக் கட்டைதான் பேனாவின் மூளை என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் ஒரு மெல்லிய வாய்க்கால் ஓடுகிறது. அதன் வழியாக மை முன்னால் வருகிறது. வந்த மைக்கு ஈடாகக் காற்று உள்ளே போகிறது. இரண்டும் சமமாக நடந்தால்தான் எழுத்து சீராக வரும். காற்று போக வழியில்லை என்றால் மை நின்றுவிடும். அளவுக்கு மீறிப் போனால் சொட்டும். மென்மையான பழைய பல்துலக்கியால் அந்த வாய்க்காலைத் தேய்த்தேன். நிப்பின் பிளவுக்குள் மெல்லிய பித்தளைத் தகடை ஒருமுறை நுழைத்து எடுத்தேன். பிளேடு வேண்டாம், அது நிப்பின் முலாமைச் சுரண்டிவிடும்.

நிப்பை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தால் பிளவு நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போக வேண்டும். அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது நுனியின் இரண்டு பாதிகளில் ஒன்று மயிரிழை உயரமாக நின்றது. பேனா ஒரு பக்கம் இழுக்கும்போது மட்டும் கீறுவதற்கு இதுதான் காரணம். உயர்ந்திருக்கும் பக்கத்தைக் கட்டைவிரல் நகத்தால் லேசாக அழுத்தி, பார்த்து, மறுபடி அழுத்தி, மறுபடி பார்த்துச் சமன் செய்தேன். அவசரம் ஆகாத வேலை. பேனா கீறினால் உடனே உப்புத்தாளில் தேய்க்கச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெரும்பாலும் நுனி சமமாக இல்லாததுதான் கோளாறு. தேய்த்தால் நுனியில் இருக்கும் கடினமான உலோகப் பொட்டு குறைந்துபோகும், அதைத் திரும்ப வைக்க முடியாது.

கட்டைக்கும் நிப்புக்கும் நடுவே நூலளவு இடைவெளியும் இருந்தது. அந்த இடத்தில் மை தொடர்பு அறுந்துவிடும். கட்டையும் எபோனைட் என்பதால் சூட்டில் இளகும். இரண்டையும் கழுத்தில் பொருத்தி, முனையை மட்டும் சுடுதண்ணீரில் சிறிது நேரம் காட்டி எடுத்து, கட்டையை நிப்போடு சேர்த்து அழுத்திப் பிடித்து, அப்படியே பச்சைத் தண்ணீரில் முக்கினேன். ஒட்டி நின்றுவிட்டது. பிளாஸ்டிக் கட்டை என்றால் இதைச் செய்யாதீர்கள், கோணிக்கொள்ளும்.

இனி ஒழுகல். கழுத்தும் உடம்பும் சேரும் மரையில் அந்தக் காலத்தில் மெழுகுவர்த்தி தேய்ப்பார்கள். நான் சிலிகான் கிரீஸ் மிகக் கொஞ்சம் தடவினேன். மை நிரப்பித் தலைகீழாக ஒரு பகல் முழுக்க வைத்தும் மரை வழியாக ஒரு சொட்டு வரவில்லை. சரி, முடிந்தது என்றுதான் எடுத்து வைத்தேன். அப்பாதான் நிறுத்தினார். "காலையில ஒழுகாது. சாயந்தரமாத்தான் ஒழுகும்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் முழு விடையும் இருந்தது. காலையில் மை நிரப்பிக்கொண்டு வேலைக்கு உட்கார்வார். நாள் முழுக்க எழுத எழுத மை குறையும், அந்த இடத்தில் காற்று நிறையும். கையின் சூடு உடம்பு வழியாக உள்ளே போய் அந்தக் காற்றை விரியச் செய்யும். விரிந்த காற்று மையைத் தள்ளும், நிப்பு நுனியில் சொட்டாக விழும். மை நிறைய இருக்கும்போது காற்று கொஞ்சம்தான், தள்ளும் பலமும் கொஞ்சம்தான். பேனாவில் பழுதே இல்லை. மூன்றில் ஒரு பங்கு மை இருக்கும்போதே மறுபடி நிரப்பிவிட்டால் போதும். இதைச் சொன்னபோது அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பேனாவை வாங்கி, மூடியைத் திறந்து, பழைய செய்தித்தாள் ஓரத்தில் தன் கையெழுத்தை வரிசையாகப் போட்டுக்கொண்டே போனார்.

நோட்டு

கடையில் விற்கும் டைரிகளில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கனமாக இருக்கின்றன, விரித்து வைத்தால் நிற்பதில்லை, ஜனவரியில்தான் தொடங்குகின்றன. ஆகஸ்டில் எழுதத் தோன்றுகிறவர் ஏழு மாத வெற்றுப் பக்கங்களைத் தாண்டிப் போக வேண்டும். அதனால் மாதத்துக்கு ஒரு சின்ன நோட்டு தைப்பது என்று முடிவு செய்தேன்.

கணக்கு அழகாக அமைந்தது. ஏ4 தாள் நான்கை எடுத்துக் குறுக்கே பாதியாக வெட்டினால் எட்டுத் துண்டு. எட்டையும் ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் பதினாறு இதழ், முப்பத்திரண்டு பக்கம். நாளுக்கு ஒரு பக்கம் என்றால் முப்பத்தொரு நாள் மாதமும் அடங்கி ஒரு பக்கம் மிஞ்சும். சட்டைப்பையில் போகும் அளவு.

வெட்டாமல் அப்படியே மடித்துப் பெரிய நோட்டாகத் தைக்கலாமே என்று கேட்கலாம். மடிப்பு சரியாக விழாது. இயந்திரத்தில் செய்யும் காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு அமைதியாக உட்காரும், நோட்டும் தட்டையாக விரியும். குறுக்கே மடித்தால் விறைத்துக்கொண்டு நிற்கும். நாம் கடையில் வாங்கும் ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்த மடிப்புதான் நாரின் திசை. முதலில் குறுக்கே வெட்டி, பிறகு மடித்தால் மடிப்பு நாரோடு போகிறது. கையடக்க அளவு வந்ததும் இதனால்தான்.

தாள் தேர்வில் நிறைய நேரம் செலவழித்தேன், ரொம்பப் பிடித்த வேலையும் அதுதான். பள்ளி நோட்டுகளில் மீந்த பக்கங்கள், ரசீதுப் புத்தகத் தாள், கணக்குப் பேரேட்டுத் தாள், நகல் எடுக்கும் தாள் என்று வீட்டில் இருந்ததை எல்லாம் சின்னச் சின்னதாக வெட்டி, அதே பேனாவால் "ழ"வும் "ஞ"வும் எழுதிப் பார்த்தேன். தமிழில் சுழி அதிகம். மை ஊறிப் பரவும் தாளில் "ழ"வின் சுழி அடைத்துப்போகும். மெல்லிய பள்ளி நோட்டுத் தாளில் பின்பக்கமும் மை தெரிந்தது. 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் 80 கிராம் எடை) நகல் தாளில் சுழி திறந்தே இருந்தது, பின்பக்கம் சுத்தம். இரண்டு பக்கமும் எழுத வேண்டுமென்றால் அதுதான் சரி. கரூர் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறார்கள் என்று சின்ன வயதில் கேள்விப்பட்டு வியந்திருக்கிறேன். காவிரிக் கரையில் விளைந்த கரும்பு, சாறு போன பிறகு தாளாகித் திருச்சியில் என் மேசைக்கு வரலாம் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

தைப்பதற்கு மூன்று துளை போதும். மடிப்பின் நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி ஒவ்வொன்று. கோணி தைக்கும் ஊசியால் உள்ளிருந்து குத்தினேன். நோட்டின் உயரத்தைப் போல மூன்று மடங்கு நூல். கெட்டியான பருத்தி நூலை மெழுகுவர்த்தியில் இரண்டு இழுப்பு இழுத்தால் முறுக்கு அவிழாது. நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே. மேல் துளையில் வெளியிலிருந்து உள்ளே. நேராகக் கீழ்த்துளைக்கு இறங்கி வெளியே. மறுபடி நடுத்துளையில் உள்ளே. இப்போது இரண்டு நுனியும் உள்பக்கம் இருக்கும். நடுவில் ஓடும் நீள நூலை இரண்டுக்கும் இடையில் வைத்து முடிச்சுப் போட வேண்டும். நூலைத் தாளுக்கு இணையாக இழுங்கள். செங்குத்தாக இழுத்தால் துளை கிழியும். அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகள். மஞ்சள் தடவிய ஓரம் தெரிகிற மாதிரி வெட்டினால் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கல்யாணம் அமைந்துவிடும். ஒரு மாதத்துக்குச் சித்தப்பா மகன் கல்யாணம், அடுத்த மாதத்துக்கு எதிர்வீட்டுப் பெண்ணின் கல்யாணம்.

வருடக் கடைசியில் பன்னிரண்டையும் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று எங்கள் பக்கத்து பைண்டிங் கடைக்காரரிடம் பேசி வைத்திருக்கிறேன். மைதா மாவு காய்ச்சிய பசையில் மயில்துத்தம் போடுவார். "பூச்சி வராதும்மா. ஆனா கையை நல்லாக் கழுவிரணும், அது விஷம்" என்றார். பசையும் காலிகோ துணியும் அவர் பார்த்துக்கொள்வார். "இப்பல்லாம் பைண்டிங்குக்கு யாரும்மா வர்றாங்க, ஆடிட்டு ஆபீஸ்காரங்கதான். டைரியா? கொண்டாங்கண்ணு. நல்லாக் கட்டித் தரேன்."

எழுதுவது

ராத்திரி எழுதிப் பார்த்தேன். தூக்கத்தில் எழுத்து சரிந்தது. மத்தியானம் வேலை இழுத்தது. கடைசியில் காலை காப்பிக்கு டிகாஷன் இறங்கும் நேரம் பொருத்தமாக அமைந்தது. ஃபில்டரில் வெந்நீர் ஊற்றினால் கால் மணி நேரம் சும்மா நிற்க வேண்டியதுதான், அவசரப்படுத்த வழியே கிடையாது. அந்த நேரத்தில் முந்தைய நாளை எழுதுகிறேன். ஒரு ராத்திரி தூங்கி எழுந்தபிறகும் நினைவில் நிற்பதுதான் எழுத லாயக்கானது என்பது அதன் கூடுதல் பலன். ஒரு பக்கம் நிரம்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு வரியோடு நின்ற பக்கங்களும் உண்டு.

என்ன எழுதுவது என்பதில் எனக்குப் பெரிய துணை ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். அங்கே ஆளுநராக இருந்த துய்ப்ளெக்ஸின் அரசியலுக்காக வரலாற்றாசிரியர்கள் அதைப் படிப்பார்கள். எனக்குப் பிடித்தது அதன் சாதாரணம். என்ன கப்பல் வந்தது, யார் வந்து பார்த்தார்கள், அவர் என்ன கேட்டார், இவர் என்ன பதில் சொன்னார் என்று பேச்சைப் பேச்சாகவே எழுதிக்கொண்டு போகிறார். படிக்கும்போது அந்தத் தெருவில் நாமும் நிற்கிறோம். அவரைப் போலவே நானும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தமிழ் மாதம், தேதி, கிழமை எழுதுகிறேன். அதற்குக் கீழே ஒரு விலை, ஒரு பேச்சு. மீதி இஷ்டம்.

விலை எழுதுவது ரொம்ப நல்ல பழக்கம். தக்காளி, முருங்கைக்காய், மல்லிகைப்பூ முழம் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தால் முகூர்த்த நாள் எல்லாம் பூ விலையிலேயே தெரிகிறது. நாட்காட்டி பார்க்கவே வேண்டாம்.

பேச்சு எழுதுவது அதைவிட நல்ல பழக்கம். ஒரு பேச்சாவது எழுத வேண்டும் என்பதால் காது திறந்தே இருக்கிறது. காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரலை ஓடவிட்டு, அதற்கு நடுவே தன் சொந்தக் குரலில் "அக்கா, அது நேத்து விலைக்கா, இன்னிக்குக் கம்மி" என்று திருத்தம் சொன்னது ஒரு பக்கம். பேருந்தில் ஒரு பாட்டி நடத்துநரிடம் "சத்திரம் வந்தா சொல்லு தம்பி" என்று சொல்லிவிட்டு, வழி நெடுக ஒவ்வொரு நிறுத்தமாக அவருக்கே சொல்லிக்கொண்டு வந்தது ஒரு பக்கம். சமையலறை ஜன்னலில் காய வைத்த பாத்திரம் தேய்க்கும் நாரைக் காகம் தூக்கிப் போனது. அம்மா அதைப் பார்த்து, "கூடு கட்டுது போல, கட்டட்டும்" என்று புதிதாக ஒன்று எடுத்து அதே ஜன்னலில் வைத்தது. முன்பெல்லாம் இவை நடந்தவுடன் மறந்துபோகும். இப்போது நாளுக்கு ஒன்றாவது வந்து சேர்கிறது. சேர்ந்தபிறகு எந்த நாளும் வெறும் நாளாகத் தெரிவதில்லை.

வீட்டிலும் நோட்டுக்கு மதிப்பு வந்துவிட்டது. முதலில் கேட்டது அம்மா. "கேஸ் என்னிக்கு மாத்தினோம்னு பாரு." பார்த்துச் சொன்னேன். அடுத்து மாவடு எப்போது போட்டது, தண்ணீர்த்தொட்டி கழுவியது எப்போது, மூத்த அத்தை கடைசியாக வந்தது எப்போது. அத்தை வந்து போன நாளை வாசிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டார்கள். அன்றைக்கு அத்தை வற்றல்குழம்பைப் பற்றிச் சொன்னதை அப்படியே எழுதியிருந்தேன். அம்மா சிரித்து, அப்பா சிரித்து, உடனே அத்தைக்கு போன் போட்டு அவருக்கும் வாசித்துக் காட்டும்படி ஆயிற்று. "நான் இப்படியா சொன்னேன்? ஆமா, சொல்லியிருப்பேன்" என்றார் அத்தை.

மேட்டூரில் தண்ணீர் திறந்து அது முக்கொம்பு வந்து சேர்ந்ததையும், ஆடிப்பெருக்கு அன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் கால் வைக்க இடமில்லாமல் கூட்டம் நின்றதையும் எழுதிய பக்கங்களில் மை கொஞ்சம் வெளிறியிருக்கிறது. கழுவினால் போகிற ராயல் ப்ளூ வெளிச்சத்தில் மங்கும். இனி கறுப்பு அல்லது நீலக்கறுப்புக்கு மாறப் போகிறேன். மை மாற்றும்போது பேனாவைக் கழுவாமல் புது மையை ஊற்றக் கூடாது. இரண்டு மை கலந்து கட்டி தட்டினால் கட்டையின் வாய்க்கால் அடைத்துக்கொள்ளும்.

மாதக் கடைசியில் மிஞ்சும் அந்த ஒரு பக்கத்தை அப்பாவுக்கு விட்டிருக்கிறேன். அந்த மாதத்துப் பூ, தக்காளி, பால் விலைகளைக் கூட்டிச் சராசரி போட்டு, கீழே இரண்டு கோடு இழுத்துக் கையெழுத்திடுகிறார். கரூரில் இருக்கும் அக்கா தனக்கும் ஒரு நோட்டு கேட்டிருக்கிறாள். அவளுக்குக் கோடு போட்ட தாள்தான் வேண்டுமாம், பேனா மட்டும் தன்னிடம் இருக்கிறதாம். கோடு போட்ட பேரேட்டுத் தாளில் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இன்னும் வளைத்துப் பார்க்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அதுதான் வேலை.